வலையில் தொங்கிய முலாம்பழங்கள்

துனிசியாவின் கடலோர ஊரான கோர்பாவில் அம்மாரை பஸ் டிரைவராகத்தான் எல்லோருக்கும் தெரியும். துனிஸுக்கும் ஊருக்குமாக வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர். ஓட்டும்போதும் வாய் ஓயாது. ஓய்வு பெற்றதும் தோட்டம் போட ஆசை வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த இடமோ ஒரு பஸ்ஸை நிறுத்தக்கூடப் போதாது. அதனால் கொடிகளை மேலே ஏற்றிவிடலாம் என்று பழைய இரும்புக் குழாய்களை நட்டார். மீனவர் தாஹர் தன்னிடமிருந்த கிழிந்த வலையைக் கொண்டுவந்து, குழாய்களுக்கிடையே தானே இழுத்துக் கட்டிக் கொடுத்தார். முதல் வருஷம் வெள்ளரியும் சுரையும் குறையில்லாமல் காய்த்தன. அடுத்த வருஷம் முலாம்பழம் போட்டார்.

பிஞ்சு விட்டதுமே காபிக் கடையில் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாம் தலைக்கு மேல தொங்குதுப்பா. அண்ணாந்து பார்த்தா கழுத்து வலிக்கும்."

"அப்ப உன் வீட்டுக்கு ஹெல்மெட் போட்டுட்டுதான் வரணும்" என்றார் நாவிதர் பெஷீர். கடையே சிரித்தது.

அம்மாருக்குச் சுருக்கென்றது. "ஒவ்வொரு பழத்துக்கும் துணியில தூளி கட்டியிருக்கேன், விழாது. அடுத்த மாசம் முதல் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. கண்ணால பாருங்க."

கொடி அவர் பேச்சைக் கேட்கவில்லை. "கொடிக்கு நாலு பிஞ்சை விட்டுட்டு மிச்சத்தைக் கிள்ளிடுங்க" என்று மனைவி ஹனியா முன்பே சொல்லியிருந்தாள். அவருக்குக் கிள்ள மனசு வரவில்லை. எல்லாம் எலுமிச்சை அளவிலேயே நின்றுபோயின. பிறகு மாவு தூவினதுபோல இலைகளில் சாம்பல் நோய் படர்ந்தது. பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன.

அழைத்த நாளுக்கு முந்தின வியாழக்கிழமை காலை பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போனார். உள்ளூரில் வாங்கினால் தெரிந்துவிடுமே! நீளக் காம்புள்ள பழங்களாகப் பார்த்துப் பொறுக்கி வந்தார். வெளுத்த இலைகளைப் பறித்து எறிந்துவிட்டு, காம்புகளைப் பச்சை நூலால் கொடியோடு கட்டினார்.

ஹனியா சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். "என்னங்க இது, சின்னப் பிள்ளை விளையாட்டு?"

"பேசாம வந்து இந்தத் தூளியைப் பிடி."

"நான் பிடிக்கமாட்டேன். நாளைக்கு டீ போட்டுத் தர்றேன், அவ்வளவுதான். அதுக்கு மேல என்னை இழுக்காதீங்க."

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வாய் பிளந்தார்கள். அதிகம் பூரித்தவர் தாஹர்தான். "என் வலைடா! கடல்ல மத்தி பிடிச்சது, கரையில முலாம்பழம் பிடிக்குது பாருங்க!" என்று ஒவ்வொருவர் தோளிலும் தட்டினார். தன் முற்றத்திலும் இப்படிக் கட்டப்போவதாகச் சொல்லி விதை கேட்டார். தருவதாக அம்மார் தலையாட்டினார்.

பெஷீர் மட்டும் ஒரு பழத்தருகே நின்றுவிட்டார். அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய மஞ்சள் திட்டு. தரையில் படுத்து வளர்ந்த பழத்துக்குத்தான் அந்தத் திட்டு விழும். காய்ந்த மண்கூட ஒட்டியிருந்தது. பெஷீர் திரும்பி அம்மாரைப் பார்த்தார். இதோ, எல்லோர் முன்னாலும் போட்டு உடைக்கப் போகிறான் என்று நினைத்தார் அம்மார்.

பெஷீரோ பழத்தைத் தூளிக்குள்ளேயே மெல்லத் திருப்பி, திட்டைச் சுவர்ப் பக்கம் மறைத்தார். "டீ ஆறுது, வாங்கப்பா" என்று மற்றவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

அவர் கேலி செய்திருந்தால் அம்மார் பதிலுக்கு ஏதாவது பேசிச் சமாளித்திருப்பார். காப்பாற்றிவிட்டதைத்தான் தாங்க முடியவில்லை. ஹனியா அறுத்து வைத்த பழத்தை அவர் தொடவில்லை. காபிக் கடைப் பக்கம் போவதை விட்டார். முடி வெட்டிக்கொள்ள வேறு தெருவுக்குப் போனார்.

ஒருநாள் தாஹர் வீட்டைத் தாண்டும்போது கால் நின்றுவிட்டது. முற்றத்தில் புதுக் குழாய்கள். அவற்றில் தாஹர் கட்டிக்கொண்டிருந்தது கிழிந்த வலை அல்ல. கடலுக்கு எடுத்துப் போகும் நல்ல வலை.

"பழம் கனமாச்சே, பழசு தாங்காதுன்னு இதையே எடுத்துட்டேன்" என்றார் தாஹர். "விதை எங்கே?"

"அண்ணே, அந்தப் பழமெல்லாம் என் கொடியில காய்ச்சது இல்ல. சந்தையில வாங்கிக் கட்டினது."

தாஹர் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். அம்மாரின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"என் வலையிலயா?"

"ஆமாண்ணே."

"காய்க்கலைன்னு சொல்லியிருந்தா நாங்க என்ன பண்ணியிருப்போம்? ரெண்டு நாள் ஓட்டியிருப்போம். அதுக்கா இவ்வளவு?"

தாஹர் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். உதவ நீண்ட அம்மாரின் கையைத் தள்ளினார். "விடு, நானே பார்த்துக்கறேன்."

அதே வாரம் அம்மார் பெஷீரின் கடைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பேச்சை எப்படி எடுப்பதென்று தெரியவில்லை. "எவன்டா உன் தலையை இப்படிப் பிய்ச்சு வச்சது?" என்று கேட்டபடி பெஷீர் கத்தரியை எடுத்தார். பழத்தைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

மறு வருஷம் அம்மார் பிஞ்சுகளைக் கிள்ளினார். பழங்கள் நன்றாகவே திரண்டன. யாரையும் கூப்பிடவில்லை. முதலில் பழுத்ததைத் தட்டில் வைத்துத் தாஹர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஹனியா திரும்பி வரும்வரை வாசலிலேயே நின்றார்.

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பழத்தை மோந்து பார்த்தார். தட்டைக் கழுவிக் கொடுத்தார்."

தெருவில் எதிர்ப்பட்டால் தாஹர் சலாம் சொல்கிறார். அம்மாரும் பதில் சலாம் சொல்கிறார், தலையைத் தாழ்த்திக்கொண்டு.