ஆண்டவருக்கு எடுத்து வைத்த அரிசி

விளாத்திகுளத்துக்கு வடக்கே விறகைச் சுட்டுக் கரியாக்கும் ஒரு கரிமூட்டத்தை விட்டுக் கிளம்பி நாலு மணி நேரம் நடந்திருப்பேன். அங்கே வேலை வாங்கிய கங்காணி காலையில் என்மேல் கையை ஓங்கினான். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினேன். எட்டாவதைப் பாதியில் விட்டதிலிருந்து இப்படி எத்தனையோ வேலையை விட்டாயிற்று. முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் விழவில்லை. எழுபதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் அது பெரிய செய்தி இல்லை. மழை ஈரத்தில் கரிசல் செருப்பில் அப்பி, காலைத் தூக்குவதே பாடாக இருந்தது.

புதூர் போகும் பாதையில் உச்சியில் சிலுவை வைத்த சின்ன வேதக்கோயில் ஒன்று. பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்டேன். அது உபதேசியார் வீடு. குருவானவர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற நாளில் கோயில் இவர் பொறுப்பு. அவர் மனைவி சொம்பைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"சாப்பிட்டியளா தம்பி?"

நான் சொம்பைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக் குடித்தேன். அவர் உள்ளே போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டார்.

"பானையில ஒரு மணி இல்ல. இருந்ததையெல்லாம் நேத்து ஆடு பத்திட்டு வந்த கிடைக்காரருக்கு அள்ளிக் குடுத்தாச்சு."

"இருந்துச்சு, குடுத்தேன்," என்றார் உபதேசியார், சாவகாசமாக.

"இப்ப என்னத்த குடுப்பீய? தாடியையா?"

அந்தச் சபையில் பிடி அரிசி வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனிக் கலயத்தில் போடுவார்கள். பேர்தான் அரிசி, பாதி கம்பு. மாதக் கடைசி ஞாயிறு பெண்கள் அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். முதலில் கொட்டுவது உபதேசியார் மனைவி. மறுநாள்தான் அந்த ஞாயிறு.

அந்த அம்மா கலயத்தை எடுத்தார்.

"ஏட்டி, அது நம்ம அரிசி இல்ல."

"நம்ம அரிசின்னா யோசிச்சிருப்பேன்."

"நாளைக்கு எல்லாரும் பாக்க எதைக் கொட்டுவ?"

"மிச்சத்த."

"கேப்பாளுகளே."

"கேட்டா சொல்லுதேன். நீங்க ரெண்டு விறகு எடுத்துட்டு வாங்க."

கஞ்சியை நான் மட்டும்தான் குடித்தேன். அவர்கள் ஆளுக்கு ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு நிறுத்திக்கொண்டார்கள். கலயத்தை வீட்டில் வைத்துக்கொண்டே இருவரும் காலையிலிருந்து பட்டினி கிடந்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ராத்திரி அவர்கள் திண்ணையில் படுத்துவிட்டு, காலையில் கோயிலில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா கலயத்தைக் கவிழ்த்தார். ஒரு பிடி விழுந்தது.

"என்ன, உபதேசியார் வீட்டுல இந்த மாசம் உலையே வைக்கலையா?" என்றாள் ஒரு கிழவி.

"வச்சேன் பெரியம்மா. ஆண்டவரு நேத்தே ஆளனுப்பி வாங்கிட்டாரு."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மாவும் சிரித்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

சேர்ந்த தானியம் புதூரில் இருந்த அநாதை விடுதிக்குப் போகவேண்டும். வழக்கமாகத் தூக்குகிறவருக்குக் காய்ச்சல். உபதேசியார் என்னைக் கைகாட்டினார்.

"ஊர் பேர் தெரியாத ஆளுகிட்டயா?" என்றார் ஒருவர்.

"நான் மட்டும் பேர் எழுதி வச்ச அரிசியவா காக்குதேன்? எல்லாம் ஆண்டவரோடது," என்ற உபதேசியார் என்னிடம் கேட்டார். "மாசாமாசம் தூக்கணும். இருக்கியாலே?"

"முதல்ல இத கொண்டுபோய்ச் சேக்கட்டும்," என்றார் அந்த அம்மா.

கூலி பேசவில்லை. சரி என்று குனிந்தேன். இருவருமாகச் சேர்ந்து மூட்டையை என் தலையில் ஏற்றிவிட்டார்கள்.