மஞ்சள் கடுதாசிக்கு முப்பது ரூபாய்

குற்றாலத்திலிருந்து தென்காசி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். மடியில் கடைச் சாவி. உள்ளே இரண்டு பெஞ்சும் ஒரு பாய்லரும்தான், பூட்டியதே பழக்கதோஷம். முதுகில் காற்று பலமாக அடித்தது. அதில் பொட்டு ஈரம் இல்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட நான் அதுவரை எந்த இடத்திலும் ஒரு வருடம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. புளியறையில் ஓட்டல், செங்கோட்டையில் மரக்கடை என்று சுற்றிவிட்டு அந்த வைகாசியில் குற்றாலம் வந்தேன். வந்ததுமே சாரல் விழுந்தது. சீசன் முந்திக்கொண்டது என்று நம்பி டீ, பஜ்ஜிக் கடை போட்டேன். அருவியில் குளித்து நடுங்கி வருகிறவன் பஜ்ஜிக்கு விலை கேட்கமாட்டான். அந்த எண்ணெய் வாசனையும் ஈரத் துண்டு வாசனையும் கலந்து வருவது இன்றும் எனக்குப் பிடித்த வாசனை. ஆனால் அந்த வருடம் அதை நாலு நாள்தான் அனுபவித்தேன். ஆனி முழுக்க அருவியில் பாறைதான் தெரிந்தது. எண்ணெய், வாழைக்காய், பால் எல்லாம் கடன்.

தென்காசியில் கோயிலின் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருந்தார். கோர்ட்டில் திவால் மனு போடுவதைத்தான் மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்போம். கொடுத்தவனை யாரும் நெருக்க முடியாது. அப்புறம் அவனுக்கு ஒரு காப்பிகூடக் கடனாகக் கிடைக்காது.

குமாஸ்தா நான் சொல்லச் சொல்ல எழுதினார். எண்ணெய்க் கடை, பாவூர்சத்திரம் காய்கறி மண்டி.

"அவ்வளவுதானா?"

"பால்காரம்மா பதினெட்டு ரூபா. அதை விட்டுருங்க."

"அப்படி விட முடியாதுவே. எல்லாரையும் எழுதணும்."

எழுதினார். இலஞ்சியிலிருந்து குடத்தோடு நடந்து வருகிற அம்மா அவள். கடை ஈயடிக்கிறதைப் பார்த்துக்கொண்டே கடைசி நாள்வரை பால் ஊற்றினாள்.

மனுவுக்கு முப்பது ரூபாய் ஆகும் என்று சொல்லி, பட்டியலை என் கையில் கொடுத்து அனுப்பினார். கை வறண்டால் கால் தானாகப் பாவூர்சத்திரம் மண்டிக்குத்தான் திரும்பும். அன்றைக்கும் திரும்பியது. அதில் இருந்த கோளாறு மண்டிக்குள் போய் முப்பது ரூபாய் கேட்டுப் பட்டியலை நீட்டிய பிறகுதான் உறைத்தது.

மண்டி அண்ணாச்சி வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏலே, எனக்கு நாமம் போடுததுக்கு எங்கிட்டயே துட்டு கேக்குதியா?"

மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்தார்கள்.

"நூத்திப் பத்துன்னு எழுதிருக்கு. நூத்திப் பதினாலுல்லா! திவாலாகும்போதும் நாலு ரூவாயை அமுக்குதான் பாரு."

"மறந்துட்டேன் அண்ணாச்சி."

"இந்தப் பால்காரி யாரு?"

சொன்னேன். அவர் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு பட்டியலை மடித்துத் தன் கல்லாவுக்குள் போட்டார். "சுமை தூக்க ரெண்டு பேரு குறையுது. காலையில வாறியா? கூலியில பாதி உனக்கு, பாதி இந்தப் பட்டியல்ல உள்ள கடனுக்கு. இல்லைன்னா இந்தா, கடுதாசியை எடுத்துட்டுப் போ. முப்பது ரூவாயை வேற எவங்கிட்டயாவது கேளு."

"பால்காரம்மாவுக்கு முதல்ல குடுக்கணும்."

"அப்ப எனக்கு?"

"கடைசியா."

"வாய்க்கொழுப்பைப் பாத்தியாடே!" என்று சுமைக்காரர்களிடம் சொன்னார். கல்லாவை மட்டும் திறக்கவில்லை.

அன்றிரவு மண்டியிலேயே சாக்குகளின் மேல் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன் என்பதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

காலையில் கேரளா லாரி வந்து நின்றது. மேற்கே மலை தெரியவில்லை. முகத்தில் பொடிப்பொடியாகச் சாரல். தென்காசியிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் இறங்கிய விவசாயி ஒருவர், "குத்தாலத்துல தண்ணி விழுதாம்!" என்று கத்தினார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இடுப்பில் சாவி உறுத்தியது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் குனிந்தேன். இரண்டு பேர் கத்தரிக்காய் மூட்டையைத் தூக்கி என் முதுகில் வைத்தார்கள். சாக்கு நனைந்து கனத்தது. லாரிப் பலகையில் ஏறினேன்.