கிழிக்காத விலைச்சீட்டு

அந்தக் கைப்பைக் கடையின் மீது யாரோ வழக்குப் போட்டிருந்தார்கள். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் வருகிற அவுட்லெட் மாலில், பெரிய கம்பெனிகள் தள்ளுபடியில் விற்கிற வளாகத்தில், இருக்கிறது அந்தக் கடை. விலைச்சீட்டில் அச்சடித்த விலைக்கு அங்கே எதையும் எந்த நாளும் விற்றதில்லையாம். வருஷம் முழுக்கத் தள்ளுபடிதானாம். வழக்கு சமரசமாகி, அங்கே பை வாங்கிய எல்லோருக்கும் கூப்பன் தருவதாக எனக்கும் ஒரு ஈமெயில் வந்தது.

"உன்னையும் நல்லா ஏமாத்திட்டாங்க போல. கிளெய்ம் பண்ணு," என்று கணவர் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எங்கே ஏமாந்தேன்? அந்தத் தள்ளுபடி ஒருநாளும் முடியாது என்று இங்கிருக்கும் நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் போகுமுன் பரிசு வாங்க அங்கேதான் படையெடுப்போம். தள்ளுபடி ஸ்டிக்கரை நகத்தால் பக்குவமாக உரித்துவிட்டு, அச்சடித்த விலையை மட்டும் விட்டுவைப்போம். கிழிக்க மறந்துபோன மாதிரி அது பையில் தொங்கும்.

போன கோடையில் ஈரோட்டில் என் தங்கைக்கு அப்படி ஒரு பை கொடுத்தேன். அவள் சீட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"எதுக்குக்கா இத்தனை செலவு?"

"உனக்குச் செய்யாம வேற யாருக்குடி செய்யப்போறேன்?" என்றேன். வாய் கூசவில்லை.

நாங்கள் கிளம்புகிற அன்று அவள் என் மகளுக்கு ஒரு ஜோடி தங்கக் கம்மல் போட்டுவிட்டாள். அவள் கணவருக்கு அப்போது தொழில் சரியாக ஓடவில்லை. பைக்கு ஈடாகத்தான் செய்கிறாள் என்று நினைத்தேன். நினைத்தும் வேண்டாமென்று சொல்லவில்லை. விமானத்தில் கணவரிடம், "பரவாயில்ல, கணக்கா நல்லாவே செஞ்சிருக்கா," என்று வேறு சொன்னேன்.

கூப்பனுக்கு விண்ணப்பிக்க, அச்சடித்த விலையை உண்மை என்று நம்பி வாங்கினேன் என்று ஒரு கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். நம்பியவள் ஈரோட்டில் இருக்கிறாள். லேப்டாப்பை மூடிவிட்டு அவளைப் போனில் கூப்பிட்டேன். வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது.

"அந்தப் பை நீ நெனைக்கிற விலையில்லடி. அதுல கால்வாசிதான் குடுத்தேன். சீட்டை வேணும்னேதான் விட்டுவச்சேன்."

"தெரியும்க்கா," என்றாள்.

"எப்போ தெரியும்?"

"நீ குடுத்த அன்னைக்கே. ரொம்பப் புடிச்சிருந்துது, எப்படித் தொடைச்சு வச்சுக்கணும்னு ஆன்லைன்ல பார்த்தேன். தள்ளுபடியில விக்கிற விலையும் அங்கயே போட்டிருந்தாங்க."

அப்படியென்றால் கம்மல் வாங்கும்போதே அவளுக்குத் தெரியும். "அப்புறம் எதுக்குடி கம்மல் போட்ட?"

"அதுக்கும் பைக்கும் என்னக்கா? பாப்பா மறுபடி எப்ப வருவாளோன்னு போட்டேன்."

திட்டியிருந்தால் தேவலாம். "சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டாள்.