குடத்தின் கீழ் இருந்த சில்லு

மருமகன் அந்தப் போட்டை லொறியில் கொண்டுவந்து இறக்கியபோது நாயாற்றுக் கரையில் நின்றவர்கள் எல்லோரும் கையிலிருந்த வலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். எங்கள் கரையில் நிற்பவை அகன்ற வயிறுள்ள ஃபைபர் வள்ளங்கள். இதுவோ ஒடுங்கி, நீண்டு, மூக்குக் கூராகி, அடிப்பக்கம் கத்திபோல இருந்தது. தெற்கே ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு கடலில் பறந்ததாம். ஹோட்டல் மூடியபின் எஞ்சினைக் கழற்றி விற்றுவிட்டார்கள். மிச்சம் வெயிலிலும் மழையிலும் கிடந்து நிறம் செத்துப்போயிருந்தது.

"இது மீனுக்குப் போற வள்ளமோ, பொம்பிளை பாக்கப் போற வள்ளமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏன், உங்களுக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று என் மகள் திருப்பிக் கேட்டாள். கரை முழுக்கச் சிரித்தது. எனக்கு அப்படி வாய் வராது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சிரித்தேன்.

மருமகனுக்கு ஒரு கணக்கு இருந்தது. கொழும்புக்குப் போகும் மீன் லொறி காலையில் வெள்ளெனப் புறப்பட்டுவிடும். சூரை மீன் கிடைக்கும் இடம் தூரம். அங்கே போய்வருகிற வள்ளங்கள் கரைக்கு வரும்போது லொறி போயிருக்கும், மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டும். வேகமாக ஓடுகிற ஒன்று இருந்தால் லொறிக்கு முன் வந்துவிடலாம். இது சரிவராவிட்டால் அவர் கட்டாருக்கு வேலைக்குப் போவதாக இருந்தது. ஏஜென்சிக்காரர் அடிக்கடி போன் எடுத்து முடிவு கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட் ஓடினா நிக்கிறன். ஓடாட்டிப் போறன்," என்று மருமகன் மகளிடம் சொன்னார். அவள் அவருக்கு முன்னால் "ஓம்" என்றாள். பிறகு குசினிக்குள் வந்து, வெங்காயம் இல்லாமலே கண்ணைத் துடைத்தாள். பேத்திக்கு அப்போதுதான் நடை பழகியிருந்தது.

போட் வந்த அன்றே மருமகன் ஒரு வேலை செய்தார். நடுவில் கார் மாதிரி ஒரு ஸ்ரேரிங் சில்லும், அதைத் தாங்கும் பெட்டியும், ஒரு இருக்கையும் இருந்தன. எல்லாவற்றையும் கழற்றி முருங்கைக்குக் கீழே எறிந்தார். "நாங்கள் என்ன கார் ஓட்டவோ போறம்?" என்றார். யாரும் மறுத்துச் சொல்லவில்லை. எங்கள் வள்ளங்களில் ஓட்டுகிறவர் பின்னுக்கு எஞ்சினடியில் இருந்து, அதன் பிடியைக் கையால் பிடித்துத்தான் ஓட்டுவார். என் அப்பாவும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் போனவர்கள். நடுவில் இருந்து கடலுக்குப் போகிறவரை நாங்கள் கண்டதில்லை.

அந்தச் சில்லை நான் எடுத்துக்கொண்டேன். என் தண்ணீர்க் குடத்துக்கு அடி உருண்டை, சிமெந்துத் தரையில் நில்லாது. சில்லின் வளையத்துக்குள் வைத்தேன், அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது.

"அம்மா குடத்துக்கு லைசென்ஸ் எடுத்திட்டா," என்றாள் மகள்.

எஞ்சின் பூட்டுகிற பின்பலகையில்தான் பெரிய வேலை. வெளியே பார்த்தால் நல்லதாக இருந்தது. தட்டினால் பூசணிக்காய்ச் சத்தம். வெட்டித் திறந்தபோது உள்ளே இருந்த மரம் ஊறிய தேயிலைச் சக்கைபோலக் கையோடு வந்தது. மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி உளியை எடுத்தார். அந்த மனுசனிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

புது மரம் வைத்து, அதன்மேல் கண்ணாடி நார்ப் பாயை அடுக்கடுக்காக ரெசினில் தோய்த்து ஒட்ட வேண்டும். பாயை வெட்டிக் கொடுத்தது நான். துணி வெட்டுகிற கத்தரிக்கோல் அதோடு மொட்டையாகிப் போனது. நார் கையில் ஏறினால் கடி தாங்க முடியாது. தேங்காயெண்ணெய் பூசினேன், இன்னும் கூடிவிட்டது. பேத்தியின் பவுடரைப் போட்டபிறகுதான் அடங்கியது. ரெசின் மணம் சோற்றிலும் இருந்தது. ஆனாலும் அந்த நாட்களில் மருமகன் விசிலடித்துக்கொண்டு வேலை செய்தார். மகள் அதைக் கேட்டுக்கொண்டே மீன் வெட்டினாள்.

பிறகு எஞ்சின் கதை தொடங்கியது. சாப்பிடும்போதும் அதே கதை.

"இருபத்தஞ்சு குதிரையில ரெண்டு போடுவம். ஒண்டு நிண்டாலும் மற்றது கரைக்குக் கொண்டுவரும்," என்பார் மருமகன்.

"ரெண்டும் சேந்து குடிக்கிற எண்ணெய்க்கு நீங்கள் சூரை பிடிக்கக்கூடாது, திமிங்கிலம் பிடிக்க வேணும்," என்பாள் மகள்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தை அவள் மறக்கவில்லை. நான் இரண்டு பேருக்கும் சோறு போடுவேன். எனக்கு மருமகனின் பயம் விளங்கும். எஞ்சின் நின்றுபோய் இரவு முழுக்கக் கடலில் இழுபட்டவர்களுக்காகக் கரையில் காத்திருந்தவள் நான்.

பளையில் எஞ்சின் திருத்துகிற ஒருவர் இருக்கிறார். மருமகனுக்கு அவர் அண்ணை முறை. அவர் இரண்டு எஞ்சினை இரவல் கொடுத்து, "முதல் போட்டு ஓடிப் பார். பிறகு முடிவெடு," என்று சொல்லியிருந்தார். மருமகன் இரண்டையும் பின்பலகையில் பூட்டி, இரண்டு பிடியையும் ஒரு தடியால் சேர்த்துக் கட்டினார். பெற்றோல் கானும் பின்னுக்கு. அவரும் பின்னுக்கு.

போட்டைக் களப்புத் தண்ணீரில் விட்டார்கள். எஞ்சின் இரண்டும் கத்தின. போட்டின் பின்பக்கம் கீழே போக, மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று மருமகனுக்குத் தெரியவில்லை. நாங்கள் கரையில் நின்று கத்தினோம், அவருக்குக் கேட்கவில்லை. வலை கட்டுகிற கம்புகளுக்குள் போய் இரண்டை முறித்துக்கொண்டுதான் நின்றது.

திரும்பி வந்து எஞ்சினை நிறுத்தினார். கரையில் ஒருவரும் பகிடி விடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"சரி. நான் ஏஜென்சிக்குச் சொல்லுறன்," என்றார். மகள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் பளைக்காரர் எஞ்சின்களைக் கொண்டுபோக வந்தார். மருமகன் நடந்ததைச் சொன்னார். அவர் போட்டைச் சுற்றி வந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தம்பி, நீ எங்க இருந்து ஓட்டினனி?"

"எஞ்சினடியிலதான்."

"ரெண்டு எஞ்சின், பெற்றோல் கான், அதுக்கு மேல மாடு மாதிரி நீ. எல்லாம் குண்டியில. மூக்கு நிமிராமல் என்ன செய்யும்? இது வள்ளம் இல்லையடா. நடுவில இருந்து ஓட்டுறதுக்கெண்டு கட்டினது. ஸ்ரேரிங் எங்க?"

மருமகன் முருங்கையடியைக் காட்டினார். பெட்டி கிடந்தது, இருக்கை கிடந்தது, கேபிள் கிடந்தது. சில்லைக் காணவில்லை.

"அது ஆரோ பழைய இரும்புக்காரன் தூக்கியிருப்பான்," என்றார் பளைக்காரர். "அந்த அச்சுக்கு வேற சில்லு தேடுறதெண்டா லேசில்லை."

நான் குசினி வாசலில் நின்றிருந்தேன். வெளியாட்கள் முன்னால் நான் கதைக்கிறதில்லை. உள்ளே போய்க் குடத்தைச் சரித்து, தண்ணீரெல்லாம் தரையில் ஓட, சில்லை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

பளைக்காரர் என்னையும் சில்லையும் பார்த்தார். "அம்மா எவ்வளவு தூரம் ஓடினவா?" என்று கேட்டார். அன்று முதல்தடவையாக மருமகன் சிரித்தார். நான் உள்ளே ஓடிவிட்டேன்.

எஞ்சின் கதையும் அன்றே முடிந்தது. நாற்பது குதிரை எஞ்சின் ஒன்று பின்பலகையின் நடுவில். மருமகனின் பயத்துக்கு மருந்தாக, ஓரத்தில் சின்னதாய் ஒரு எட்டுக் குதிரை. அது வேகமாக ஓடாது, ஆனால் கரைக்குக் கொண்டுவரும். பெற்றோல் கான் முன்னுக்கு, சில்லையும் பெட்டியையும் பழையபடி பூட்டி ஓட்டுகிறவர் நடுவில். மகள், மருமகன் இரண்டு பேரும் தாங்களே வென்றதாக நினைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் தடவை விடும்போது பளைக்காரர், "முன்னுக்குப் பாரம் வேணும். ரெண்டு பேர் ஏறுங்கோ," என்றார். மருமகன் என்னையும் மகளையும் பார்த்தார். எங்கள் கரையில் தொழிலுக்குப் போகும் வள்ளத்தில் பெண்கள் கால் வைப்பதில்லை. நான் ஓரடி பின்னால் போனேன்.

"மாமி, மாதா கோயில் சுவாமியார் வந்து இன்னும் தீர்த்தம் தெளிக்கேல்லை. அதுவரைக்கும் இது வள்ளம் இல்லை, சும்மா சாமான். ஏறுங்கோ," என்றார்.

கரையில் நின்ற ஒருவரும் எதிர்த்துச் சொல்லவில்லை. சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மகள் என் கையைப் பிடித்தாள். அவள் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது.

எஞ்சின் கத்தியது. மூக்கு கொஞ்சம் நிமிர்ந்தது. நான் மாதாவைக் கூப்பிட்டேன். பிறகு யாரோ கீழேயிருந்து தூக்கிவிட்டதுபோல முழுப் போட்டும் எழும்பி, தண்ணீருக்கு மேல் சமமாக நின்றது. தண்ணீர் அடிக்கிற சத்தம் குறைந்து, காற்று மட்டும் கேட்டது. பின்னால் மருமகன் ஏதோ பாடினார். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த நான் எங்கள் கரையைத் தண்ணீரிலிருந்து பார்த்தது அன்றுதான். கோயில் சிலுவை, பனை, எங்கள் வீட்டுத் தகரம். எல்லாம் சின்னதாக, கழுவி வைத்ததுபோல இருந்தன.

இறங்கியபோது மகளின் போன் அடித்தது. ஏஜென்சிக்காரர். அவள் அதை மருமகனிடம் நீட்டிவிட்டு, மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்லையண்ணை," என்றார் மருமகன். "நான் வரேல்லை. எனக்கு இஞ்ச வேலை இருக்கு."

சுவாமியார் அடுத்த ஞாயிறு வந்து தீர்த்தம் தெளித்தார். அதற்குப் பிறகு நான் அதில் ஏறவில்லை, ஏறவும் மாட்டேன். எண்ணெய் விலை கூடினால் மருமகன் சில நாட்கள் கடலுக்குப் போகாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு கிழிந்த வலை பொத்துவார். ஆனால் போகிற நாட்களில், நான் விடிய அடுப்பு மூட்டும்போது அந்த எஞ்சின் சத்தம் கேட்கும். மகள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு கரைக்கு ஓடுவாள். லொறி இன்னும் போகாமல் அங்கேதான் நிற்கும்.

குடத்துக்குப் பழைய சைக்கிள் ரயர் ஒன்றை வெட்டித் தந்தார் மருமகன். சில்லில் இருந்ததுபோல நிற்காது, கொஞ்சம் ஆடும். பரவாயில்லை.