சக்சனுக்குப் போட்ட டெலிவரி ஓஸ்

"பொம்பளக் காலுக்கு அந்த பிரேக் புடிக்காதுங்கண்ணா" என்று மெக்கானிக் என் கணவரிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டாரா, கேட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தாரா, தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம். ஆனால் அன்றைக்கு வாயைத் திறக்க முடியாத நிலைமை. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒரு டவுன் பஸ்ஸின் பின்புறத்தில் கொண்டுபோய்க் காரை முட்டவைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கருமத்தம்பட்டியில் வீட்டுக்குப் பின்னாலேயே எங்கள் தறி ஷெட். என் கணவர் ஆசைப்பட்டு ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கினார். நீள மூக்கு, கனத்த கதவுகள், தெருவில் போனால் திரும்பிப் பார்க்காதவர்கள் கிடையாது. ஆசைப்பட்டது அவர், ஓட்டியது நான். அவருக்குத் தறியை விட்டு நகர நேரம் ஏது? குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, துணிக்கட்டைக் கோயமுத்தூரில் இறக்குவது, நூல்கோன் ஏற்றிக்கொண்டு திரும்புவது எல்லாம் என் வேலையாயிற்று. வேலை என்று பேச்சுக்குத்தான் சொல்கிறேன். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவினாசி ரோட்டில் தனியாகப் போவதைப் போல ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அப்பா கூட்டிப்போன இடத்துக்குப் போனேன், பின்னால் இவர் கூட்டிப்போன இடத்துக்குப் போனேன். கார் வந்த பிறகுதான் நானாகக் கிளம்பி நானாகத் திரும்பி வந்தேன்.

அந்தக் காருக்கு பிரேக் பூஸ்டர் என்று ஒன்று உண்டு. பானட்டுக்குள் ஒரு சட்டியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி இருக்கும். எஞ்சின் ஓடும்போது ஒரு ரப்பர் ஓஸ் வழியாக அதிலிருந்து காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல்தான் நாம் பிரேக்கை மிதிக்கும்போது கூடச் சேர்ந்து மிதிக்கும். அது இருந்தால் லேசாகக் காலை வைத்தால் போதும். இல்லாவிட்டால் பெடல் கல் மாதிரி நிற்கும். எங்கள் காரின் பழைய ஓஸ் வெயிலிலும் சூட்டிலும் வெடித்து, பாம்பு மாதிரிச் சீறிக்கொண்டிருந்தது. அசல் ஓஸ் எங்கேயும் கிடைக்கவில்லை. மெக்கானிக்கே எங்கேயோ ஒரு ஓஸ் வாங்கி அதே அளவுக்கு வெட்டி மாட்டிவிட்டார். புது ஓஸ், நல்ல பளபளப்பு. சீறலும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஏழரை ஆரம்பித்தது. முதல் தடவை மிதித்தால் பிரேக் அருமையாகப் பிடிக்கும். நெரிசலில் அடுத்தடுத்து மிதித்தால் போச்சு, பெடல் இறங்கவே இறங்காது. சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு காலையும் வைத்து மிதித்திருக்கிறேன். மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் அவர் ஏறி உட்கார்ந்து ஒரே ஒரு மிதி மிதிப்பார். நன்றாக இருக்கும். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று இறங்கிவிடுவார். என் கணவர் ஓட்டுவது ஊருக்குள் தோட்டத்துக்கும் வீட்டுக்கும்தான். அங்கே அடுத்தடுத்து பிரேக் போட என்ன அவசியம்?

அப்படித்தான் அன்றைக்குக் கூட்டு ரோட்டில் முன்னால் போன பஸ் நின்று நின்று போக, நானும் மிதித்து மிதித்துப் போக, கடைசியில் கார் நிற்காமல் உருண்டுபோய் அதன் பம்பரில் இடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கண்டக்டர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "லேடீஸுங்களா, அதானே பாத்தேன்" என்று சொல்லிவிட்டு விசிலடித்துப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

மெக்கானிக் ஷெட்டிலிருந்து திரும்பும்போது கணவர்தான் ஓட்டினார். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"திங்கக்கெழமையிலிருந்து ஒரு டிரைவர் தம்பிய வரச் சொல்றேன். நீ இனி ஓட்ட வேண்டாம்."

"பிரேக்குலதானுங்க கோளாறு. ஏங்கிட்ட இல்லீங்க."

"ஓட்டுனவரைக்கும் போதும் அம்மணி. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நானு என்ன பண்றது?"

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். அக்கறையாகச் சொன்னதால் எங்கே கை வைப்பது என்றே தெரியவில்லை. இந்தச் சாவி ஒரு தடவை கையை விட்டுப் போனால் திரும்பி வராது என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் அவர் தறிக்குப் போனதும் பானட்டைத் திறந்துவைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தால், அந்தப் பளபளப்பான புது ஓஸ் கறந்து முடித்த காம்பு மாதிரிச் சூம்பிக் கிடந்தது. எஞ்சினை நிறுத்தினேன். மெல்ல உப்பி உருண்டையாகிவிட்டது. மறுபடி ஓடவிட்டேன். மறுபடி சூம்பியது. மெக்கானிக் பானட்டைத் திறக்கும் போதெல்லாம் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் திறப்பார். அவர் கண்ணில் அது எப்படிப் படும்?

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நான் பிறந்தது கொடுமுடிப் பக்கம். வாய்க்காலிலிருந்து ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்த குடும்பம். எங்கள் பக்கத்தில் நடை பழகிய பிள்ளைக்குக்கூடத் தெரியும், தண்ணீரை உறிஞ்சும் சக்சன் பக்கத்துக்கு உள்ளே கம்பிச் சுருள் வைத்த கெட்டி ஓஸ், தண்ணீரைத் தள்ளும் டெலிவரி பக்கத்துக்கு மெத்தென்ற ஓஸ். ஒரு தடவை எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர் அவசரத்தில் மாற்றி மாட்டிவிட்டார். எஞ்சின் ஊரைக் கூட்டியது, ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தள்ளும்போது உப்புகிற ஓஸ் உறிஞ்சும்போது சப்பையாகிவிடும், அவ்வளவுதான் விஷயம். மெக்கானிக்கும் தோட்டத்துக்காரர், என் கணவரும் தோட்டத்துக்காரர். ஆனால் காருக்குள்ளும் ஒரு சக்சன் பக்கம் இருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கோயமுத்தூர்க்காரர்களுக்கு நல்ல ஓஸ் என்றாலே பம்ப்செட் கடை ஓஸ்தான்.

டிக்கியில் கிடந்த வெடித்த பழைய ஓஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கிராஸ்கட் ரோட்டில் உதிரிபாகக் கடைகளில் காரின் பெயரைச் சொன்னதுமே கையை விரித்தார்கள். "பம்பாய்லயே கெடைக்காதுங்க" என்றார் ஒருவர். கடைசியில் உக்கடத்தில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஒரு பாய் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். தரையிலிருந்து கூரை வரைக்கும் இரும்பு. பாய் என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார்.

"ஊட்டுக்காரர் வரலீங்களாம்மா?"

"அவருக்குத் தறியில வேலைங்க. ஏனுங்க பாய், ஆம்பள வந்து கேட்டாத்தான் ஓஸ் குடுப்பீங்களா?"

பாய் வெற்றிலை வாயோடு சிரித்துவிட்டார். பழைய துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே ஓஸு இனிப் பொறந்துதான் வரோணும். வேற ஏதாச்சும் பாப்போம்" என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றையும் வளைத்தேன், கட்டை விரலால் அமுக்கினேன். வளைவில் ஒடுங்குவதையெல்லாம் ஓரமாகத் தள்ளினேன். நல்ல கனமாக ஒன்றைக் கொடுத்து, "இது நெம்பக் கெட்டிங்க, யானை மிதிச்சாலும் ஒண்ணும் ஆவாது" என்றார்.

"யானை வெளியில இருந்து மிதிக்குமுங்க. இது உள்ள இருந்து இழுக்கும்" என்று அதையும் தள்ளினேன்.

அதற்குப் பிறகுதான் பாய் எழுந்து உள்ளே போனார். பழைய வேன் ஒன்றின் வாக்குவம் பிரேக்குக்கு வைத்திருந்த, பிரிக்காத ஓஸ் ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ரப்பருக்கு நடுவில் துணி அடுக்கு அடுக்காகத் தெரிந்தது. வளைத்தேன், ஒடுங்கவில்லை. பெட்ரோல் ஆவிக்கும் தாங்கும், இந்த வேலைக்கென்றே செய்ததுதான் என்றார் பாய். ஒரே ஒரு குறை, எங்கள் காருக்கு அது கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். அதற்கா பயம்? கோயமுத்தூரில் லேத் இல்லாத சந்து எது? இரண்டு கடை தள்ளிப் பழைய துண்டை அளவுக்குக் கொடுத்து, இரண்டு முனைக்கும் பித்தளையில் சின்னச் சின்ன இணைப்புக் கடைந்து வாங்கிக்கொண்டேன். "என்ன வண்டிக்குங்க?" என்று லேத்துக்காரர் கேட்டார். "என்ற வண்டிக்குங்க" என்றேன். அப்படிச் சொன்னதும் எனக்கே ஒரு மிதப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்தேன். பையைப் பிரிக்காமல், "மொதல்ல எஞ்சின ஓட உட்டுட்டுப் பானட்டத் தெறங்க" என்றேன். திறந்தார். குனிந்தார். அப்படியே நின்றார். என் கணவரும் தறி ஷெட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, சக்சனுக்கு டெலிவரி ஓஸப் போட்டுப்போட்டனுங்க" என்றார் மெக்கானிக், தலையைச் சொறிந்துகொண்டு.

விடுவேனா நான்? "இப்பச் சொல்லுங்க தம்பி. சூம்பிப்போனது என்ற காலா, உங்க ஓஸா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர். மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்து புது ஓஸை மாட்டினார். வழியில் இருந்த ஒற்றைவழி வால்வை ஊதிப் பார்த்து, "நம்ம கெணத்து ஃபுட் வால்வேதாங்க்கா இது, போனத திரும்ப உடாது" என்று எனக்கே விளக்கினார். கிளிப்பை முறுக்கி எஞ்சினை ஓடவிட்டோம். ஓஸ் அசையவில்லை.

என் கணவர் "நகரு" என்று ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். சோமனூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், வழக்கம்போல ஓங்கி ஒரு மிதி மிதித்தார். கார் அந்த இடத்திலேயே நின்றது, அவர் நெற்றி கண்ணாடியில் இடிக்காதது தெய்வச் செயல். மறுபடி மிதித்தார், மறுபடியும் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் வெண்ணெயில் கால் வைத்தது போல இறங்கியது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தன நாளா நீ எத மிதிச்சுட்டு இருந்த?"

"கல்லத்தானுங்க."

"கல்ல மிதிச்சுட்டே கோயமுத்தூரு போயிட்டு வந்தியா?"

"புள்ளைகளையும் வெச்சுட்டுத்தானுங்க போயிட்டு வந்தேன்."

காரை வீட்டுக்குத் திருப்பினார். டிரைவர் விஷயத்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு வாங்க எனக்கு மனமில்லை. ஓஸ் சரியாகிவிட்டது, அதற்காக என்னை ஓட்டச் சொல்வார் என்று என்ன நிச்சயம்?

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக்கொண்டிருந்தபோது கேட் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, அந்த டிரைவர் வந்திருந்தார். என் கணவர் எழுந்து போனார். சமையல் கட்டிலிருந்தே எனக்கு எல்லாம் கேட்டது.

"வாங்க தம்பி. உங்கள வீணா அலைய உட்டுப்போட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. லாரி செட்டுக்காரருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன், அங்க ஆளு வேணுமுங்களாம்."

"காருக்கு வேற ஆளு வந்துட்டாங்களாண்ணா?"

"ஊட்டுல அவங்களே ஓட்டுவாங்க தம்பி. நெம்ப நல்லா ஓட்டுவாங்க."

எங்கள் ஊரில் பஸ் கண்டக்டருக்கும் 'ங்க' உண்டு, பால்காரருக்கும் உண்டு, பிச்சைக்கு வருகிறவருக்கும் உண்டு. பெண்டாட்டிக்கு மட்டும் கிடையாது. வெளியாட்களிடம் என் பேச்சு வந்தால் 'அவ சொன்னா', 'அவ போனா' என்றுதான் சொல்வார் என் கணவர். அன்றைக்குத்தான், நான் கேட்கிறேன் என்று தெரியாமல், முன்பின் பழகாத ஒரு பையனிடம் என்னை 'அவங்க' என்றார்.

கண் கலங்கியது உண்மை. அதைத் துடைத்துக்கொண்டு நிற்க நேரமில்லை, பள்ளிக்கூடத்துக்கு மணியாகிவிட்டது. பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றி எஞ்சினைக் கிளப்பினேன். கேட்டை மறித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்த இரண்டு பேரையும் பார்த்து, "சித்த வழி உடுங்க" என்றேன். விட்டார்கள்.