டாக்டருக்கு அனுப்பிய அழகான படங்கள்

கையைத் தூக்கி வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அப்போதுதான் இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குப் பக்கத்தில், ஏதோ தடுத்தது. வலி இல்லை. புளியங்கொட்டை ஒன்று தோலுக்கடியில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்பது போல இருந்தது. என்னை அறியாமல் அட்டையைத் தாழ்த்திவிட்டேன்.

"ருக்மணியம்மா, அட்டை கீழ போகுதுங்க. மாடல் புள்ள மூஞ்சி கறுத்துப் போச்சு பாருங்க" என்றாள் படம் எடுக்கிற ரேவதி. மறுபடி தூக்கினேன். அன்றைக்கு வேலை முடியும்வரை தூக்கியே பிடித்திருந்தேன்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை. பெண்களுக்கான உள்ளாடையும் இரவு உடையும் தைக்கிற கம்பெனி. போனில் படம் பார்த்து வாங்குகிறார்கள் அல்லவா, அதற்காக மாடியில் ஓர் அறையைப் படுக்கையறை மாதிரியே செய்து வைத்திருந்தார்கள். கட்டில், மெத்தை, ஜன்னலில் மெல்லிய திரை. துணிக்கு அயர்ன் போடுவது, மாடல் பெண்ணுக்குத் தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் கிளிப் மாட்டி இறுக்குவது, அட்டை பிடிப்பது, இவ்வளவும் என் பொறுப்பு. அந்த அறைக்குள் ஆண்கள் வரக் கூடாது. அதனால்தான் நான் அங்கே வேலையில் நின்றேன். எனக்குக் கூச்சம் அதிகம்.

ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் இதே நோய் வந்து, இதே கூச்சத்தோடு யாராவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த அறையில் நான் பார்த்துக் கற்றுக்கொண்டதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

ரேவதி வந்ததும் முதல் வேலையாக டியூப் லைட்டை அணைப்பாள். மேலிருந்து விழுகிற வெளிச்சம் கண்ணுக்குக் கீழே குழி காட்டும், வயிற்று மடிப்பைக் காட்டும் என்பாள். ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான், அதுவும் திரை வழியாக, பக்கவாட்டில் வர வேண்டும். எதிர்ப்பக்கம் இருட்டாக இருக்கும். அங்கேதான் நான் வெள்ளை அட்டையோடு நிற்பேன். அட்டையில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் தோலில் இருக்கிற தழும்பு, சிவப்பு எல்லாவற்றையும் ஆற்றிவிடும்.

யாரையும் நேருக்கு நேர் நிற்கவிட மாட்டாள். ஒரு தோளைத் திருப்பச் சொல்லுவாள். உடம்பின் பாரம் பின்காலில். கை உடம்போடு ஒட்டினால் தசை பிதுங்கும், அதனால் இடையில் சிறு இடைவெளி. படுத்த மாதிரி எடுப்பதானால் மல்லாந்து படுக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, போர்வையைப் பாதி இழுத்துவிட வேண்டும்.

"அக்கா, மத்தியானம் வரைக்கும் வயித்த எக்கிக்கிட்டே நிக்கோணுமா?" என்று ஒரு பெண் சலித்துக்கொண்டாள்.

"எக்க வேண்டாம் கண்ணு. கொஞ்சம் ஒருபக்கமாத் திரும்பு, வயிறு தானாக் காணாமப் போயிரும். மூச்ச வெளிய உடு. புடிச்சு வெச்சீன்னா கழுத்து கொக்காட்டம் நிக்கும்."

எல்லோரும் சிரித்தோம். அந்தப் பெண் மூச்சை விட்டாள். படம் நன்றாக வந்தது. எந்த உடம்பாக இருந்தாலும் ரேவதியின் படத்தில் நன்றாகத்தான் வரும்.

கட்டியைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஆர்டர் முடியட்டும், மழை முடியட்டும் என்று தள்ளிப் போட்டேன். ஒருநாள் ரவிக்கையில் ரத்தக் கறை. துணி துவைக்க எடுத்த என் மகள் கவிதா அதைப் பார்த்துவிட்டாள். நல்லூரில் ஒரு கம்பெனியில் அவள் டெய்லர். நானும் அவளும் மட்டும்தான் வீட்டில்.

"இது எப்பலருந்தும்மா?"

"இப்பத்தான் சாமி."

"பொய் சொல்லாதீங்கம்மா."

கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பயாப்ஸி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். புற்றுநோய் என்றார்கள். மாஸ்டெக்டமி (மார்பை முழுதாக எடுத்துவிடும் அறுவை) செய்தாக வேண்டும், அக்குளில் நெறி கட்டுகிற முடிச்சுகளையும் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. பெண் டாக்டர்தான். அப்படியும் பரிசோதனையின்போது நான் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அறுவை முடிந்தது. ட்ரெயின் (காயத்து நீர் வடிவதற்கான குழாய்) எடுத்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அடிக்கடி கோயமுத்தூர் வருவது சிரமம் என்று நர்ஸ் ஒரு வழி சொன்னாள்.

"புண்ண போட்டோ எடுத்து இந்த நம்பருக்கு அனுப்புங்கம்மா. நாங்க பார்த்துச் சொல்றோம்."

"யாரு பாப்பீங்க?"

"ட்யூட்டில இருக்கற எல்லா டாக்டரும் பாப்பாங்க."

எல்லா டாக்டரும். அதில் ஆண்களும் இருப்பார்கள். என் வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆகிறது. அவர்கூட என்னை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கவிதா எடுக்கிறேன் என்றாள். வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவளுடைய போனில் உள்ளங்கையைக் காட்டினால் அதுவாகப் படம் எடுத்துக்கொள்ளும். அந்த வசதி எனக்குப் போதும்.

காலையில் கவிதா கம்பெனி வேனில் ஏறிப் போவதற்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். டியூப் லைட்டை அணைத்தேன். ஜன்னலுக்கு என் பழைய வெள்ளைச் சேலையைத் திரையாகக் கட்டினேன். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டைப் போட்டு அட்டையாக வைத்துக்கொண்டேன். புண் இருந்த பக்கத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, முந்தானையைப் பாதி இழுத்து, மூச்சை வெளியே விட்டு, கையைக் காட்டினேன்.

மறைக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்யவில்லை. வேறு மாதிரி படம் எடுக்க எனக்குத் தெரியாது. பெண்ணுடம்பைப் படம் எடுப்பதென்றால் இப்படித்தான் என்று கை பழகிவிட்டது.

படத்தைப் பார்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருந்தேன். தையல் ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. தோள் வழவழவென்று இருந்தது. என் உடம்பை எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். இவ்வளவு வயதில், ஒரு பக்கம் போன பிறகு.

நர்ஸ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் அனுப்பினாள். "நல்லா ஆறிட்டு வருது" என்று எழுதியிருந்தாள். நான் தொடர்ந்து அப்படியே எடுத்து அனுப்பினேன்.

அக்குள் பக்கம் சூடாக இருந்தது தெரியும். தோல் பளபளவென்று இறுகியதும் தெரியும். டாக்டர்களே நன்றாக இருக்கிறது என்கிறபோது எனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த டாக்டர்கள் பார்த்தது நான் எடுத்த படத்தை என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது. கவிதா கஞ்சி கொண்டுவந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, என்னமோ நாத்தம் அடிக்குது."

"சாக்கடையா இருக்கும் கண்ணு."

"இல்லீங்கம்மா. உங்க மேலருந்து வருது. சேலைய எடுங்க."

"வேண்டாம் சாமி."

"எடுங்கம்மா!"

அவளே இழுத்துவிட்டாள். முந்தானை சீழில் ஒட்டியிருந்தது. தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்த்துத்தான் என் நிலைமை எனக்குத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா போனை என் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படத்தையும் புண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் படத்துல இருக்கறது நீங்கதானா?"

"நாந்தானுங்க."

"இந்தச் சிவப்பெல்லாம் எங்கம்மா போச்சு?"

பல் கிட்டிக்க, ஜன்னல், சேலை, துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் கண் கலங்கித் தலை குனிந்துகொண்டாள்.

"எனக்கு அழகா வேண்டாம்மா" என்றார் டாக்டரம்மா. "அசிங்கமா வேணும். எவ்வளவு அசிங்கமோ அவ்வளவும் தெரியணும்."

செரோமா (தையலுக்கடியில் நீர் கட்டிக்கொள்வது) வந்து, அது சீழ் பிடித்து, ரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டதாம். தையலைப் பிரித்துக் கழுவினார்கள். திரும்பத் தைக்கவில்லை. உள்ளிருந்து மேலே ஆறி வர வேண்டும் என்று திறந்தே விட்டார்கள்.

அதைவிடப் பெரிய அடி அடுத்தது. கீமோ (புற்றுநோய் மருந்தை நரம்பு வழியாக ஏற்றுவது) ஆரம்பிக்க வேண்டிய நேரம் அது. புண் ஆறாமல் ஏற்ற முடியாது என்றார் டாக்டரம்மா.

"அதுக்குள்ள அது பரவிட்டா?" என்று கவிதா கேட்டாள்.

"பரவலாம். பரவாமலும் இருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது."

வெளியே நடைபாதை பெஞ்சில் கவிதா என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"யாருக்கும்மா அழகாத் தெரியோணும்? சொல்லுங்க. யாருக்கு?"

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுதுகொண்டே வந்து என் தலைமுடியைக் கோதிக் கொண்டை போட்டுவிட்டாள்.

அதன் பிறகு தினமும் புண்ணைக் கழுவித் துணி வைத்தது கவிதாதான். படம் எடுத்ததும் அவள்தான். இதே நிலையில் இருக்கிறவர்களுக்கு அதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். இருக்கிற விளக்கையெல்லாம் போடுங்கள். நேராக நில்லுங்கள். கையை முடிந்தவரை தூக்கி அக்குளையும் காட்டுங்கள். சுற்றியிருக்கிற நல்ல தோலும் படத்தில் வரட்டும், அப்போதுதான் சிவப்பு எதுவரைக்கும் என்று தெரியும். சில போன்கள் முகத்தை அழகாக்குகிறேன் என்று தோலை வழவழப்பாக்கிவிடுகின்றன. கவிதாவின் போன் அப்படிப்பட்டதுதான். அதை நிறுத்திவிட்டு எடுங்கள். நாற்றம் படத்தில் வராது, சூடும் வராது. அவற்றை வாயால் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

புண் ஆற வெகு காலம் பிடித்தது. பிறகு கீமோ ஏற்றினார்கள். முடி கொட்டியது, நாக்கு வெந்தது. எல்லாம் முடிந்து ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது என்றார் டாக்டரம்மா. பழைய தழும்பாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம். பொறுத்திருந்து மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும். முன்னாலேயே கீமோ ஏற்றியிருந்தால் அது இருந்திருக்காதா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பரவாயில்லை என்று சொல்லக்கூடியவராக இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

ரேவதி வந்து பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னேன். அவள் தொழிலின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. நான் வேலைக்கு மறுபடி போகவில்லை.

இப்போது தழும்பைத் தொட்டால் அங்கே ஒன்றும் தெரிவதில்லை. மேல்கைக்குப் பின்னால் எங்கேயோ யாரோ தொடுகிற மாதிரி இருக்கிறது. மூச்சு இழுத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் தாமதித்து விரிகிறது. என் உடம்பில் எனக்குத் தெரியாத ஓர் ஆள் குடிவந்திருப்பது போல, அவர் அசைவைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கவிதா எடுத்த படங்கள் எல்லாம் போனில் வரிசையாக இருக்கின்றன. அவள் குளிக்கப் போகும்போது எடுத்துப் பார்க்கிறேன். விரலால் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டே போனால் புண் சிறுத்துச் சிறுத்து மூடிக்கொள்கிறது. மறுபக்கம் தள்ளினால் வாய் திறந்துகொள்கிறது. மாதக்கணக்கில் பட்டது, ஒரு மூச்சு விடுவதற்குள் ஆறிவிடுகிறது. அதற்காகவே திரும்பத் திரும்பத் தள்ளுகிறேன்.

கடைசிப் படம் வந்த பிறகும் விரல் நிற்பதில்லை. அடுத்தது என்ன என்று பார்க்க இன்னும் ஒரு தள்ளு தள்ளுகிறேன். திரை கொஞ்சம் இழுபடுகிறது. ஓரத்தில் கறுப்பாகத் தெரிகிறது. அப்புறம் அதே படத்துக்கே திரும்பி வந்து நின்றுவிடுகிறது.