கிராணியின் எஃகுப் பேனா

எங்கள் ரப்பர் தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணி வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்திருந்தார். ஒரே எஃகுத் துண்டில் கடைந்த மைப்பேனா கோலாலம்பூரிலிருந்து வந்து சேரும்வரை அவர் எதிலும் கையெழுத்திடமாட்டார்.

திங்கட்கிழமை, பால் வெட்டும் வீரய்யா, கத்தி பட்ட இடது பெருவிரலோடு வந்தார். கிராணி கையெழுத்திட்ட துண்டுச்சீட்டு இல்லாமல் மருத்துவமனைக்குப் போகும் லோரியில் ஏற்றமாட்டார்கள்.

"ஐயா, வீங்கிருச்சுங்க."

"பால்பாயிண்டுல போட்டா என் கையெழுத்துக்கு என்னடா மரியாத? பேனா வரட்டும், பொறு லா."

வீரய்யா தினமும் வந்தார். விரல் கறுத்தது. கிராணி ஜன்னல் வழியே தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை பார்சல் வந்தது.

"இங்க ஒரு கையெழுத்து, சார்" என்றார் தபால்காரர்.

கிராணி அவருடைய பால்பாயிண்டையே பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு புதுப் பேனாவைத் துடைத்து, மை நிரப்பி, வீரய்யாவின் சீட்டில் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

"பாத்தியா, என்னா வழவழப்பு!"

"நல்லாருக்குங்கய்யா" என்றார் வீரய்யா.

மாலையில் கோல சிலாங்கூர் மருத்துவமனையிலிருந்து லோரி திரும்பியது. பெருவிரலை எடுத்துவிட்டார்களாம்.

சம்பள நாளில் வீரய்யா கைநாட்டு வைப்பது அந்த விரலால்தான்.